பின்படிக்கு ஓர் அம்புக்குறி

தென்காசியில் தீயணைப்புக் கருவிகள் விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் படம் வரைவதுதான் என் வேலை. லாட்ஜோ கல்யாண மண்டபமோ, கருவி மாட்டும் இடத்துக்கெல்லாம் ஒரு வரைபடமும் கொடுப்போம். நீங்கள் இருப்பது இங்கே என்று ஒரு சிவப்புப் புள்ளி, அங்கிருந்து வெளியேற ஒரு பச்சை அம்புக்குறி. லாட்ஜ் அறைகளில் கதவுக்குப் பின்னால் பார்த்திருப்பீர்கள். நின்று படித்திருக்க மாட்டீர்கள்.

வரையும் மென்பொருளோடு வந்த உருவங்களில் குளியல் தொட்டி இருந்தது, கணப்பு அடுப்புகூட இருந்தது. நமக்கு வேண்டிய கிரில் கேட் இல்லை, வராந்தா முனையில் நிற்கும் இரும்புப் பின்படி இல்லை, பந்திக்கூடம் இல்லை. அதனால் நானே ஒவ்வொன்றாக வரைந்து ஒரு லைப்ரரியில் சேர்த்து வைத்தேன். தேவைப்படும்போது அதிலிருந்து இழுத்துப் படத்தில் போட்டால் போதும்.

பிறகு வடகரையிலிருந்து ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். கணவர் சவுதியில்; இவள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு வீட்டிலிருந்தே வரைவாள். இரண்டு பேருக்கும் பொதுவாக இணையத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு லைப்ரரியை அதில் வைத்தோம். அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. 'கதவு' என்று ஒன்று இருக்கும், பக்கத்திலேயே 'கதவு புதுசு', கீழே 'கதவு கடைசி'. எது யாருடையது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. வேலை குறையும்போது சுத்தம் செய்யலாம் என்று இருவருமே மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சீசன் நேரத்தில் ஒரு சனிக்கிழமை, சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவள் போன் பண்ணினாள்.

"அக்கா, குத்தாலம் லாட்ஜ் படத்தைத் திறந்து பாத்துக்கிட்டிருக்கேன். ரெண்டாவது மாடில பின்படிக்கு அம்பு மேல போகுதே, சரிதானா?"

திறந்து பார்த்தேன். மேலேதான் போனது.

நடந்தது இதுதான். கடையத்தில் ஒரு மண்டபத்துக்கு அவள் படம் வரைந்திருந்தாள். அங்கே பந்திக்கூடம் தரைக்குக் கீழே இருக்கிறது. வெளியேற வேண்டுமானால் ஏறித்தான் வர வேண்டும். அதற்காக லைப்ரரியில் இருந்த 'பின்படி' உருவத்தில் கீழ்நோக்கி இருந்த அம்பை மேல்நோக்கித் திருப்பி, அதே பெயரில் சேமித்துவிட்டாள். அதற்கடுத்த வாரம் நான் லாட்ஜுக்கு வரையும்போது அதே 'பின்படி'யை இழுத்துப் போட்டேன். நான் வரைந்த உருவம்தானே என்று உற்றுப் பார்க்கவில்லை. படங்கள் அச்சாகி, லேமினேட் ஆகி, லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது.

அந்த லாட்ஜில் குரங்குத் தொல்லைக்காக மொட்டைமாடிக் கதவை எப்போதும் பூட்டித்தான் வைத்திருப்பார்கள். அளவெடுக்கப் போனபோது நானே பார்த்தது. இரண்டாவது மாடியில் புகை சூழ்ந்து, யாராவது என் அம்பை நம்பி ஏறினால், பூட்டிய கதவில்தான் போய் முட்டுவார்கள். லாட்ஜுக்கு போன் போட்டேன். எடுக்க ஆளில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

வழியெல்லாம் வேன்களும் கார்களும். அத்தனை வண்டியிலும் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிச் சாரலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களில் எத்தனை பேர் அந்த லாட்ஜுக்குப் போகிறார்களோ என்று நினைத்துக்கொண்டே வண்டியை விரட்டினேன்.

லாட்ஜ் வரவேற்பறையில் ஈரத் துண்டும் எண்ணெய் வாசனையுமாக ஒரே கூட்டம். மேனேஜர் என்னைக் கண்டதும் முகம் சுருங்கிப்போய், ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். அண்ணாச்சி, அந்தப் படம், என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"கோவிச்சுக்கிடாதீங்கம்மா. இன்னும் ஒட்டல. கதவுக்கெல்லாம் புதுசா வார்னிஷ் அடிச்சோம். இந்தச் சாரலுக்குக் காயவே மாட்டேங்குது. டேப்பு நிக்கலை."

மேசைக்கு அடியிலிருந்து அட்டைப் பெட்டியை இழுத்துக் காட்டினார். நாங்கள் கட்டிய சணல்கூட அவிழ்க்கப்படாமல் கிடந்தது. அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கோ அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டேன். டீ வந்தது. அதைக் குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்கவே தோன்றவில்லை. பிறகு விஷயத்தைச் சொன்னேன். அவர் பெட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, நல்ல வேளைம்மா என்றார்.

வாசலில் நின்று அவளுக்கு போன் பண்ணினேன். அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.

"நான் வேற பேர் வச்சிருக்கணும்க்கா."

"நானும் பாத்துப் போட்டிருக்கணும்ட்டி. திங்கக்கிழமை உன் வீட்டுக்கு வாரேன். உக்காந்து சரி பண்ணிருவோம்."

திங்கட்கிழமை அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு மடிக்கணினிகளையும் அருகருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இப்போது லைப்ரரியில் உருவத்தைச் சரிசெய்துவிட்டால் ஏற்கெனவே வரைந்த படங்களிலும் அது தானாக மாறிவிடும் என்றுதான் அவள் நினைத்தாள். மாறாது. படத்தில் போட்டதெல்லாம் தனித்தனி நகல். அதனால் அவள் அம்பைத் திருப்பிய பிறகு வரைந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. லாட்ஜைத் தவிர வேறெதிலும் அந்தத் தவறு இல்லை. கடைசிப் படத்தை மூடியபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டோம். அதைக் கேட்டு எங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கதவுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்தோம். பின்படி இரண்டானது: 'பின்படி இறங்க', 'பின்படி ஏற'. இனி பழைய உருவத்தின் மேல் யாரும் கை வைப்பதில்லை, திருத்தினால் புதுப் பெயர், கூடவே ஒரு போன் என்று பேசி வைத்துக்கொண்டோம். நான் ஏதோ ஓர் ஆசையில் வரைந்து எதிலுமே பயன்படுத்தாத ஓர் அருவி உருவம் இருந்தது. அதை அழிக்கப் போனபோது, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று தடுத்துவிட்டாள்.

வார்னிஷ் காய்ந்ததாக மேனேஜர் சொன்ன அன்று, புதுப் படங்களோடு இருவருமே லாட்ஜுக்குப் போனோம். அறை அறையாக ஒட்டி முடித்தோம். பிறகு, வரைந்த வழியில் ஒரு தடவை நடந்துதான் பார்ப்போமே என்று அவள் சொல்ல, இரண்டாவது மாடி வராந்தாவிலிருந்து அம்பு காட்டிய பக்கம் போய் இரும்புப் படியில் இறங்கினோம். படி ஈரமாக இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாகத்தான் காலை வைத்தோம். கீழே இருந்த கிரில் கேட்டை அவள் தள்ளினாள். திறந்தது. வெளியே சந்தில் வெயிலும் சாரலும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன.