அலகு குத்தியவனுக்கு வந்த அக்கி

வலி விஷயத்தில் நான் தேர்ந்தவன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. மலேசியாவில் பத்து காஜா என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தொடங்கி, தோட்டம் விற்றுப்போய் ஈப்போவுக்கு வந்த பிறகும், பதினோரு தைப்பூசம் அலகு குத்திக் காவடி எடுத்தவன். வேல் ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளியே வரும். எனக்கு எதுவும் தெரியாது. உறுமி அடிக்கும், சாமி வரும், கண் திறந்தால் கோயில். நடுவில் நடந்ததை வீடியோவில்தான் பார்த்திருக்கிறேன்.

ஐம்பத்தெட்டு வயதில் விலாவில் அக்கி வந்தது. கொப்புளம் மூன்று வாரத்தில் காய்ந்தது. வலி மட்டும் தங்கிவிட்டது. சட்டை உரசினால் சூடு போட்ட மாதிரி எரியும். ஃபேன் காற்றுகூட ஆகாது. பக்கத்தில் எப்போதும் இருந்தது மனைவி, அதனால் அவள்மேல் எரிந்து விழுந்தேன். சட்டைக்கு ஏன் இவ்வளவு கஞ்சி போட்டாய் என்று ஒருநாள் சோற்றுத் தட்டையே தள்ளிவிட்டேன்.

அவள் சோற்றைக் கூட்டி அள்ளினாள். தட்டைக் கழுவி வைத்தாள். பிறகு சொன்னாள்: “இன்னொரு தடவ கத்துனீங்கன்னா தாப்பாவுல இருக்குற தங்கச்சி வூட்டுக்குப் போயிருவேன். திரும்பி வர மாட்டேன்.”

சொன்னால் செய்கிறவள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்தப் பயத்தில்தான் டாக்டர் எப்போதோ சொல்லியிருந்த பௌத்த தியான வகுப்புக்குப் போனேன். ஒரு கடைவீட்டின் மாடி. பத்துப் பன்னிரண்டு சீனப் பெண்மணிகள், நான், என்னைவிட இளையவரான ஒரு பிக்கு. மலாய் மொழியில் பேசினார். வலி வந்தால் விரட்ட வேண்டாம். எங்கே இருக்கிறது, கூடுகிறதா குறைகிறதா என்று மட்டும் கவனியுங்கள் என்றார். நமக்குத் தெரியாத வலியா என்று உட்கார்ந்தேன்.

பத்து நிமிடத்தில் விலா எரியத் தொடங்கியது. பிக்கு மணி அடித்தார். என் தோள் குலுங்கியது, நாக்கு வெளியே வந்தது, எழுந்து ஆடிவிட்டேன். தெளிந்தபோது பெண்மணிகள் எல்லாரும் சுவரோரம் நின்றிருந்தார்கள். ஒருவர் தூரத்திலிருந்தே தண்ணீர் போத்தலை நீட்டினார்.

பிக்கு பதறவில்லை. “வலி எப்படி இருந்தது?” என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன்.

“நீங்கள்தான் அங்கே இல்லையே. அடுத்த வாரம் இருந்து பாருங்கள்.”

சாமியைக் குறை சொல்கிறாரோ என்று வீடு வரும்வரை கோபம். பிறகு யோசித்தால், அவர் சொன்னது என்னைத்தான்.

நாலு சனிக்கிழமை இருந்து பார்த்தேன். வலி குறையவில்லை. அது வருவதற்கும் நான் கத்துவதற்கும் நடுவில் ஒரு மூச்சு அளவுக்கு நேரம் இருப்பது மட்டும் தெரிந்தது.

ஒரு ஞாயிறு காலை தேத்தண்ணி வைக்கும்போது மனைவியின் முழங்கை விலாவில் பட்டது. கத்துவதற்கு வாய் திறந்துவிட்டேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அதைப் பார்த்தேன்.

“வலிக்குது,” என்றேன்.

முப்பத்திரண்டு வருடத்தில் அவளிடம் நான் அப்படிச் சொன்னதே இல்லை. அவள் கண்ணைத் திறந்து எதிரே உட்கார்ந்தாள்.

“எனக்கும் முட்டி வலிக்குது. மூணு வருசமா.”

“ஏன் சொல்லல?”

“எப்ப சொல்றது?”

எந்த முட்டி என்று கேட்டேன்.

“ரெண்டுந்தான்லா.”

வெட்கமாக இருந்தது. நான் குடித்து முடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு அவள் அடுக்களைக்குத் திரும்பினாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். அந்த இடத்தில் சுவர்ச் சாயமே தேய்ந்துபோயிருந்தது.