லாரி வரிசையில் நைட்டி

கோவிலம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால் யாரும் புடவை மாற்றிக்கொண்டு நிற்பதில்லை. நைட்டி, தோளில் ஒரு துண்டு. துண்டு இருந்துவிட்டால் மரியாதைக்குக் குறைவில்லை என்பது எங்கள் தெருவின் சட்டம். வங்கி வேலையை விட்ட பிறகு நான் வரைந்ததெல்லாம் இந்த மாதிரிக் காட்சிகள்தான். சாமி படம் வரைந்து தரச் சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

முதல்முறையாக என் படங்களைத் தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் மாட்டச் சம்மதித்திருந்தார்கள். அதில் என் உயிர் மாதிரியான படம், லாரிக் குழாயில் குடத்தைப் பிடித்து நிற்கும் எதிர்வீட்டு டீச்சர். பச்சைப் பூப்போட்ட நைட்டி, முகத்தில் அப்படியொரு பிடிவாதம். பெருமையாக அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. "என்னக்கா, நைட்டிலயா வரைவீங்க? எங்க ஸ்கூல் பேரண்ட்ஸ்லாம் அங்க வருவாங்க. ஒரு காட்டன் புடவையாவது கட்டிவிடுங்க."

"லாரிக்கு யாரு டீச்சர் புடவை கட்டிட்டு வர்றாங்க?"

"அப்போ அதை மாட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். புடவை கட்டிவிட்டால் அது காலண்டர் படம், என் படம் இல்லை. ஆனால் அடுத்த லாரி வந்தபோது டீச்சர் என்னைப் பார்க்காத மாதிரி குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அது வலித்தது. படம் போனாலும் போகிறது, இந்த மனுஷி வேண்டும் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து படத்தின் முன் உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது. வரிசையில் தெருவே நிற்கிறது, நான் மட்டும் இல்லை. அன்றைக்கு நானும் அங்கேதான் நின்றேன், பித்தான் அறுந்த நைட்டியில், கணவரின் துண்டோடு. டீச்சருக்குப் பின்னால் என்னை வரைந்தேன். தொப்பையைக்கூடக் குறைக்கவில்லை.

மறுபடி கூப்பிட்டேன். வேண்டாவெறுப்பாக வந்த டீச்சர், பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உங்களுக்கு நான் எவ்வளவோ தேவலை. மாட்டுங்கக்கா."

மண்டபத்துக்கு அவர் பட்டுப்புடவையில் வந்தார். மாணவி ஒருத்தியின் அம்மா படத்தருகே வந்து, "இது நீங்களா டீச்சர்?" என்று கேட்டார். நான் டீச்சரின் முகத்தைப் பார்த்தேன்.

"நானேதான். பின்னாடி நிக்கிறாங்களே, அவங்கதான் வரைஞ்சாங்க."

அந்த அம்மா என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க தெருவுக்கும் ஒருநாள் வாங்க மேடம்" என்றார். "நானும் நைட்டிலதான் நிப்பேன்."