அந்த அம்மாவின் சம்மதம்

“முதல்ல என்ன சாப்பிட்டேன்னு சொல்லு, கண்ணு” என்றார் ஒடீல் தொலைபேசியில்.

எதிர்முனையில் இருந்த சிறுமி எதுவும் சாப்பிடவில்லை என்றாள். அப்படியானால் போய்க் குளிர்பெட்டியைத் திறந்து பார், நான் காத்திருக்கிறேன் என்றார். உண்மையாகவே காத்திருந்தார். கதவு திறக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. பாலாடைக்கட்டி இருக்கிறதாம். அதைக் கடிக்கச் சொல்லிவிட்டு, பெயர் வேண்டாம், உன்னை எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்டார். சிறுமி யோசித்து, “நரி” என்றாள்.

“சரி நரி, இணையத்துலேர்ந்து எந்தப் படத்தை முதல்ல எடுக்கணும்?”

படத்தில் என்ன இருக்கிறது என்று அவள் திக்கித் திக்கிச் சொல்லத் தொடங்கியதும் ஒடீல் நிறுத்தினார். “என்ன இருக்குன்னு வேண்டாம். எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு.” தன் கணக்கை மூடிவிட்டால் போதுமா என்று அவள் கேட்டாள். “அது வீட்டுக் கதவைச் சாத்தற மாதிரி. முன்னாடியே வெளிய போனது தெருவுல சுத்திக்கிட்டுதான் இருக்கும். தேடணும். நீயும் நானும் தேடுவோம்.” கடைசியாக, அம்மாவிடம் சொல்லிவிடுவீர்களா, மேடம் என்று கேட்டாள்.

“உனக்கு ஆபத்துன்னா சொல்லித்தான் ஆகணும். இல்லேன்னா என் வாயில ரொட்டி இருக்கு, எப்படிப் பேசறது?”

அந்தப் பெண் சிரித்தாள். ஒடீலின் வாயில் நிஜமாகவே ரொட்டி இருந்தது. இரண்டாவது காதொலிப்பானை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது வேலையில் முதல் நாள்.

ஒடீல் லம்ப்ரெக்ட்ஸுக்கு ஐம்பத்தொரு வயது. ஸ்கார்பேக் என்ற நகரப் பகுதியில் ஒரு சலவைக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். குளிர்காலத்தில் அவர் காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடப்பார். தகர டப்பாவில் வெண்ணெய் தடவிய ரொட்டி, அதன்மேல் குழந்தைகளுக்குப் போடுவதுபோல் சாக்லேட் துருவல். விசைப்பலகையைத் தலைகீழாகத் தட்டினால் பாதி டப்பா கொட்டும் என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள். “அது என் சாயங்காலச் சாப்பாடு, தொடாதீங்க” என்பார்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிறுவயதில் இணையத்தில் ஏறிவிட்ட தன் படத்தை நீக்கச் சொல்லும் உரிமையை ஐரோப்பியச் சட்டம் அந்தப் பிள்ளைக்கே தருகிறது. எங்களைப் போல் அங்கீகாரம் பெற்றவர்கள் புகார் அனுப்பினால் பெரிய தளங்கள் அதை வரிசையில் முன்னால் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சட்டத்தை எழுதிய கண்ணாடிக் கட்டிடங்கள் டிராமில் கொஞ்ச தூரம்தான். அங்கிருந்து யாராவது பார்வையிட வந்தால் ஒடீல் சூப் கொடுப்பார். “நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா உங்க ஆளுங்க யாரும் எடுக்கறதில்லை” என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றுவார்.

அவர் மேசையில் யாருடைய புகைப்படமும் கிடையாது. கீழே சலவைக் கடைக்காரி தன் பேரனின் முதல் குளியலைக் கைபேசியில் ஊருக்கெல்லாம் காட்டியபோது, “அவன்கிட்ட கேட்டியா?” என்றார். மூன்று மாதக் குழந்தையிடம் எப்படிக் கேட்பது என்றாள் அவள். “அப்ப காத்திரு.” அதன்பிறகு ஒரு வாரம் ஒடீலின் திரைச்சீலைகள் துவைக்கப்படாமலே கிடந்தன.

பிறந்தநாள் வந்தால் கேக் அவருடையதுதான். “என் கேக்கை ஆயிரக்கணக்கான பேரு பாத்திருக்காங்க. தின்னது நாலு பேரு” என்பார். வேலைக்கு வருமுன் இணையத்தில் ஒரு சமையல் பக்கம் நடத்தினாராம். இங்கே சேர்ந்த வாரமே மூடிவிட்டாராம். அதற்குமேல் பேசமாட்டார், நாங்களும் கேட்டதில்லை.

கடந்த பிப்ரவரியில், பள்ளி விடுமுறை வாரத்தில், எழுத்து அரட்டையில் ஒரு பெண் வந்தாள். நான் பிரெஞ்சிலும் டச்சிலும் படித்தவள் என்பதால் அரட்டை பெரும்பாலும் என்னிடம்தான் வரும். எப்படிக் கூப்பிட என்றேன். “பேரிக்காய்” என்று எழுதினாள். உங்களுக்கு எத்தனை வயது என்று என்னைக் கேட்டாள். இருபத்தாறு என்றேன். “அப்ப சரி” என்றாள்.

அவளுக்குப் பதினான்கு. சின்னக் குழந்தையாக அவள் மாவு பிசையும் படங்களை அம்மா தன் இணையப் பக்கத்தில் போட்டிருந்தாராம். அந்தப் பக்கம் என்றோ மூடப்பட்டுவிட்டது. ஆனால் படங்கள் வேறு பக்கங்களில் உலவுகின்றன. ஒன்று ஒரு மாவு நிறுவனத்தின் விளம்பரத்தில் இன்னும் இருக்கிறது. வகுப்பில் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். அவள் உள்ளே நுழைந்தால் எல்லோரும் உள்ளங்கையை விரித்து, மாவு ஊதுவதுபோல் ஊதுகிறார்கள். திங்கட்கிழமைக்குள் அந்தப் படங்கள் மறையாவிட்டால் பள்ளிக்குத் திரும்பப் போவதில்லை என்றாள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றும் எழுதினாள். “அவங்க மேல கோவம் இல்ல. அழுவாங்க, அதான்.”

எங்களிடம் ஒரு வழக்கம்: ஒருவர் எழுதிய புகாரை இன்னொருவர் பார்த்த பிறகே அனுப்புவோம். அன்று பார்க்க வேண்டியவர் ஒடீல். பிள்ளை எழுதியதைக் காட்டமாட்டோம். புகாரும் படங்களும் மட்டும். ரொட்டியோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். நான் முதல் படத்தைத் திறந்தேன். மூக்கில் மாவு, நீலக் கிண்ணம், கிண்ணத்துக்குள் முழங்கை வரை இறங்கிய கைகள். மெல்லுகிற சத்தம் நின்றுவிட்டது.

“அந்தக் கிண்ணம் இப்பவும் எங்க வீட்லதான் இருக்கு” என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை.

“என் பொண்ணு. மனோன்” என்றார். பிறகு திரையில் இருந்த பெயரைப் பார்த்துத் திருத்திக்கொண்டார். “பேரிக்காய்.”

எங்களை அழைக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்வதை அவர் தன் வீட்டில் செய்யவில்லை. கதவைச் சாத்தினார்; தெருவில் தேடவில்லை. அரட்டையில் அவள் முதலில் என் வயதைக் கேட்டது ஏன் என்றும் அப்போதுதான் புரிந்தது. பிள்ளையைத் தெரிந்தவர் வழக்கிலிருந்து விலக வேண்டும் என்பது விதி. அவர் பின்னால் நகர்ந்தார். மகள் என்ன எழுதினாள் என்று கேட்பார் என நினைத்தேன். எப்படி மறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“சாப்பிட்டாளாமா?”

ஆமென்று தலையசைத்தேன்.

வேறொருவர் வந்து படித்துப் பார்த்தார், புகார்கள் போயின. வியாழக்கிழமைக்குள் படங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அந்த வாரம் முழுதும் ஒடீல் மாலையில் வீட்டுக்குப் போய், எதுவும் தெரியாதவராக மகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாவு நிறுவனம் மட்டும் அசையவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவர்களுடைய பதில் வந்தது. நான் திறக்குமுன்பே ஒடீல் என் அருகில் வந்தார்.

“அம்மா சம்மதிச்சாங்கன்னு எழுதியிருப்பான்” என்றார். “நெசந்தான். மூணு மூட்டை மாவு அனுப்பினான், நானும் சரின்னுட்டேன். நானே இப்ப வேண்டாம்னு எழுதிருவேன். ஆனா எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிரும்.”

அன்று என்ன சம்மதம் கொடுத்திருந்தாலும் இன்று கேட்பது பிள்ளை என்று எழுதலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது என்றேன். அது அவருக்குத் தெரியாததல்ல. தன் இடத்துக்குப் போய், நாற்காலியை என் திரை தெரியாதபடி சுவர்ப் பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார். ரொட்டி டப்பா மடியில் மூடியபடியே இருந்தது.

“கடுமையாவே எழுது, ரூத்” என்றார் சுவரைப் பார்த்து. “அந்த அம்மாவுக்காகப் பாவம் பாக்காதே.”