திரும்பி வந்த ஒரு லோடு கல்

தங்கை வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் தையல் கடைக்கு வருகிறவர்களுக்கு அது தெரியும். ரவிக்கை தாமதமானால்கூட யாரும் வாயைத் திறப்பதில்லை. ஆனால் கூடப் பிறந்தவளிடம் அப்படிச் சொன்னது எனக்கே பல நாள் தொண்டையில் நின்றது.

எங்கள் ஊர், எல்லையில் இருக்கும் கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டிலிருந்து கேரளப் பக்கம் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்குப் பின்னால் ஒரு கரடு. பெரிய மலை ஒன்றும் இல்லை, பாறையும் முள்ளும் நடுநடுவே புல்லும்தான். வில்லேஜ் ஆபீஸில் அது புறம்போக்கு, எங்களுக்கு மேய்ச்சல் நிலம். என் நான்கு ஆடுகளும் அங்கேதான் வயிறு வளர்த்தன. ஒரு கோடையில் வெளியூர்க்காரர் ஒருவர் அதைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார். கேட்டால், பேப்பர் எல்லாம் இருக்கிறது என்றார். அடுத்து வெடிச் சத்தம் கேட்டது, அதற்கடுத்து டிப்பர்கள் வந்தன. கரட்டை உடைத்து எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் விற்றுக்கொண்டிருந்தார்.

மனு மேல் மனு கொடுத்தோம். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற மலையாள வாத்தியார் ஒருவர் இருக்கிறார். நாங்கள் தமிழில் திட்டுவதை அவர் மலையாளத்தில் மரியாதையாக எழுதித் தருவார். மேலே அனுப்பியிருக்கிறோம் என்று எல்லா ஆபீஸிலும் சொன்னார்கள். அந்த 'மேலே' எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேறொரு தாலூக்கில் அனுமதி பெற்ற குவாரியின் பெயரில் பாஸ் போட்டுத்தான் எங்கள் கல் போகிறது என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். ஆனால் அப்படி ஒரு பாஸ் எங்கள் கையில் சிக்கவே இல்லை.

"விக்கறவரு கேக்க மாட்டேங்கறாரு. வாங்கறவங்ககிட்டப் பேசிப் பாக்கலாமுங்க" என்றார் வாத்தியார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு பேர் பஸ் ஏறுவோம். எங்கே வீடு கட்டுகிறார்களோ அங்கே இறங்கி, இது எங்கள் ஊர்க் கரடு, பிடித்து வைத்துக்கொண்டு விற்கிறார்கள், வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வோம். எல்லோரும் நல்ல மனிதர்கள். உட்காரச் சொல்வார்கள், டீ வாங்கித் தருவார்கள், அடப்பாவமே என்பார்கள். மறுநாள் அதே கல்லை இறக்குவார்கள். ஒரே ஒரு மேஸ்திரி மட்டும் இனி அந்தக் கல்லைத் தொட மாட்டேன் என்றார். அன்று பஸ்ஸில் நாங்கள் போட்ட சத்தத்துக்குக் கண்டக்டர் எங்களை இறக்கிவிடாதது ஆச்சரியம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பொள்ளாச்சிப் பக்கம் தங்கையைக் கட்டிக் கொடுத்த ஊருக்குப் போனோம். அவளும் அங்கே வீடு கட்டத் தொடங்கியிருந்தாள். அவள் மனையில் ஒரு லோடு அஸ்திவாரக் கல் கொட்டிக் கிடந்தது. கல்லின் நிறத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் செம்பழுப்புக் கோடு எங்கள் கரட்டில் மட்டும்தான் ஓடும். கூட வந்தவர்கள் ஐந்து பேரும் என் முகத்தைப் பார்க்காமல் நின்றார்கள். அவமானத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"கல்லுல என்னங்கக்கா உங்கூரு எங்கூரு? நாம வாங்காட்டி இன்னொருத்தர் வாங்கப் போறாங்க" என்றார் தங்கையின் வீட்டுக்காரர்.

தங்கை சொம்பில் தண்ணீரோடு வந்தாள். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி வந்தது. கட்டிக் கொடுத்த பெண்கள் எல்லோரும் பொங்கல் வைக்க வந்துவிடுவார்கள். தங்கையும் வந்தாள், ஆனால் என்னிடம் பேசவில்லை. பொங்கல் அடுப்புக்கு மூன்று கல்லைக் கரட்டிலிருந்துதான் எடுப்போம். நோம்பி முடிந்த மறுநாள் அந்த மூன்றையும் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அம்மன் கல்லை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. கரட்டடியில் கரி படிந்த கற்கள் வருஷவாரியாகக் கிடக்கும். அந்த வருஷம் வேலிக்கு வெளியே சிதறிக் கிடந்த கல்லைப் பொறுக்கித்தான் அடுப்பு மூட்டினோம்.

மறுநாள் காலையில் பெண்கள் கல்லைச் சுமந்துகொண்டு வரிசையாகப் போனோம். கேட் பூட்டியிருந்தது. உள்ளே இருந்த வாட்ச்மேன், திறக்க உத்தரவில்லை என்று கையை விரித்தார். அவர் மேல் தப்பில்லை. வேலியோரமாக ஆளுக்கு மூன்று கல்லை வைத்துவிட்டுக் கும்பிட்டோம். தங்கை மட்டும் கல்லைக் கீழே வைக்காமல் கம்பி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரிந்த கரட்டில் பாதி இல்லை. கரிக்கல் குவிந்து கிடக்கும் இடத்தில் பெரிய பள்ளம் இருந்தது.

"மூணு கல்லை வெக்காமப் போனா அம்மன் கோவிச்சுக்கும்னு பயந்துட்டு நிக்கறனே, ஒரு லோடை வாங்கிப் போட்டிருக்கறனேக்கா" என்றாள். அவள் கண்ணில் நீர் வழிந்தது. எனக்கும் அழுகை வந்தது.

அடுத்த வாரம் வாத்தியார் என் கடைக்கு வேகமாக வந்து, செக்போஸ்ட்டுக்குப் போகலாம் என்றார். போய்ப் பார்த்தால், வழியை மறித்துக்கொண்டு ஒரு லாரி நின்றது. மேலே எங்கள் கல். டிரைவர் பக்கத்தில் தங்கையும், அவள் வீட்டுக்காரரும். அம்மன் கல்லில் வீடு கட்ட மாட்டேன் என்று தங்கை பிடிவாதம் பிடித்து, வாங்கிய லோடைத் திருப்பி வைக்கக் கொண்டுவந்திருந்தார்கள்.

கல் இங்கிருந்து போய்த்தான் பார்த்திருக்கிறேன், அங்கிருந்து வந்து பார்த்ததில்லை என்று செக்போஸ்ட் அலுவலர் மலையாளத்தில் சொல்லித் தலையைச் சொறிந்தார். பாஸ் எங்கே என்று கேட்டார். தங்கை வீட்டுக்காரர் எந்தக் காகிதத்தையும் கிழித்துப் போடாதவர். பல வருஷத்துப் பால் கார்டுகூட அவரிடம் இருக்கும். கல் வந்தபோது கொடுத்த பாஸைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அதில் இருந்தது வேறு தாலூக்கின் குவாரிப் பெயர்.

"இதை எங்கே கொண்டுபோறீங்க?" என்றார் அலுவலர், இந்தத் தடவை தமிழில்.

"எடுத்த எடத்துக்கேங்க. இந்தா, இவங்க ஊர்க் கரட்டுக்கு. அங்கிருந்து ஏத்துனதுன்னு லோடு இறக்கறப்ப டிரைவரே சொன்னாருங்க" என்றார் தங்கை வீட்டுக்காரர்.

வாத்தியார் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அதை மலையாளத்தில் எழுதினார். தங்கை வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். எங்கள் மனுக்களில் இல்லாதது அந்தப் பாஸும் வாங்கியவரின் சாட்சியும்தான். இரண்டும் சேர்ந்ததும் 'மேலே' இருந்து ஜீப் வந்தது. குவாரி நின்றது. கேஸ் இன்னும் நடக்கிறது, யாருக்குத் தீர்ப்பாகும் என்று தெரியாது. கேட் மட்டும் இப்போது திறந்திருக்கிறது. திருப்பிக் கொட்டிய லோடு மேல் என் ஆடுகள் ஏறி நின்று ஊரைப் பார்க்கின்றன.

அந்த வருஷம் தங்கை அஸ்திவாரம் போடவில்லை. ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்தக் கல்லை வாங்கி மறு வருஷம்தான் கட்டினாள். புது வீட்டில் பால் காய்ச்சும் அன்று நான் கொஞ்சம் தயங்கித்தான் வாசலில் நின்றேன். அவள் உள்ளே கூப்பிடவில்லை. சொம்பில் தண்ணீரோடு வந்து, எல்லோரும் பார்க்க என் முன்னால் நீட்டினாள்.

ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு சொம்பு கேட்டேன்.