முட்டிக்காக ஒரு வேண்டுதல்

இன்று திருப்பதியிலிருந்து நகரி திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் அம்மாவும் மகளும்.

மகள் ஒன்பதாவது படிக்கிறாள், வாலிபால் ஆடுகிறாள். காலையில் பள்ளியில், மாலையில் கிளப்பில் என்று ஒரு நாள் விடாமல் குதித்ததில் முட்டி வீங்கிவிட்டது. ஆறு வாரம் ஓய்வு, குதிக்கவோ படி ஏறவோ கூடாது, அப்போதுதான் அடுத்த செலக்‌ஷனுக்குப் போக முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

அம்மா மெதுவாகச் சொன்னார்.

"உன் முட்டி சரியாப்போனா நீ திருமலைக்கு நடந்தே ஏறுவன்னு வேண்டிக்கினேன்டி."

"மூவாயிரத்து ஐந்நூறு படிம்மா."

"சரியானப்புறம்தானே ஏறப்போற?"

"ஏறினா மறுபடி வீங்கும். அதுக்கு இன்னொண்ணு வேண்டிக்குவ."

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, நானே ஏறுறேன். நீ பஸ்ல வா."

மகள் அம்மாவின் கால்களை ஒரு பயிற்சியாளரைப் போலப் பார்த்தாள்.

"அப்போ நாளைலேர்ந்தே நடந்து பழகு. தினமும் வாணாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். உன் முட்டியும் போச்சுன்னா வேண்டிக்க ஆள் இல்ல."

வேண்டுதலை இப்படி ஆள் மாற்றிச் செலுத்தலாமா? அடிக்கடி மலை ஏறுகிறவர்கள் சொல்லுங்கள். கூடாது என்பவர்கள் தங்கள் முட்டி நிலவரத்தையும் சேர்த்து எழுதவும்.