கடல் பக்கத்திலிருந்து வரைந்த படம்

"மழ ஊத்துதுடி! மாமியாரத் தள்ளுவண்டில வெச்சிகினு மண்டபத்துக்குக் கெளம்பிட்டேன்" என்று அக்கா போனில் கத்தினாள். லைன் கட்டானது.

மண்டபத்துக்கு ஏன் போகிறாள்? அக்கா காதலித்துக் கட்டிக்கொண்டு போனது மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக்கு. வீடு தெற்குத் தெருவில். புயலென்றால் அவர்கள் போக வேண்டியது பக்கத்துப் பள்ளிக்கூடம். மண்டபம் வடக்குத் தெருக்காரர்களுக்கு. நடுவில் ஓடை வேறு. மழை பிடித்தால் ஆளையே இழுத்துவிடும். மாமியாருக்கோ எழுந்து நிற்கவே முடியாது.

அந்த ஊருக்கு வலைப்பக்கம் செய்து கொடுத்தவளே நான்தான். ஊர்ப் படத்தில் உங்கள் தெருவைத் தொட்டால் நீங்கள் போய்த் தங்க வேண்டிய இடம் திறக்கும். படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத கட்டங்கள் இருக்கும், அவ்வளவுதான் விஷயம். ஒவ்வொரு கட்டத்தின் மூலையையும் எண்ணாக எழுதி வைத்திருப்பேன். படத்தை மாற்றினாலும் கட்டம் அதே இடத்தில்தான் நிற்கும்.

பதறிப்போய்ப் பக்கத்தைத் திறந்தேன். அது என் படமே இல்லை! நான் வரைந்தது ரோட்டிலிருந்து இறங்கி வருகிறவள் பார்க்கும் ஊர். கடல் மேலே, வடக்குத் தெரு இடப்பக்கம். இதில் கடல் கீழே இருந்தது, இடப்பக்கம் தெற்குத் தெரு. அக்கா தன் தெருவைத்தான் தொட்டிருக்கிறாள். திறந்தது வடக்குத் தெருவின் கட்டம்.

அக்கா புருஷனைக் கூப்பிட்டேன். படகை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, படத்த யார் மாத்துனது?"

"நாந்தான். உன் படம் இங்க ஒருத்தருக்கும் பிரியல. கடல்லேர்ந்து வர்றப்போ ஊரு எப்டித் தெரியுதோ அப்டி வரைஞ்சி போட்டேன். இப்போ எல்லாரும் அவுங்கவுங்க தெருவ டக்குனு தொடறாங்க. இன்னாத்துக்குக் கத்துற?"

"அறிவிருக்கா உங்களுக்கு? தெற்கத் தொட்டா வடக்கு திறக்குது! அக்கா ஓடைக்குப் போயிட்டிருக்கா. ஓடுங்க மாமா!"

அவர் ஓட ஆரம்பித்துவிட்டார். காற்றும் மூச்சிரைப்பும் மட்டும் கேட்டன.

அக்கா போனை எடுக்கவில்லை. பழைய படத்தையே திரும்பப் போட்டுவிடலாமா? போட்டால் மறுபடி யாருக்கும் புரியாது, அவசரத்தில் தப்பாகத்தான் தொடுவார்கள். பாழாய்ப்போன அந்தப் படத்தின் மேலேயே ஒவ்வொரு மூலையாக மவுஸை வைத்து எண்களை மாற்றி எழுதினேன். இரண்டு தரம் தப்பாக அடித்தேன். ஒருவழியாய் முடித்து என் போனில் தெற்குத் தெருவைத் தொட்டேன். பள்ளிக்கூடம் வந்தது.

அப்போதுதான் அக்கா கூப்பிட்டாள். பின்னால் தண்ணீர் இரைந்தது.

"அவர் வந்து வண்டியப் பின்னால இழுத்துட்டாருடி. முழங்கால் வரைக்கும் எறங்கிட்டேன்."

உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது. "பள்ளிக்கூடம் பக்கத்துலயே இருக்கே, உனக்குத் தெரியாதா? தெருவுல ஒருத்தர் கூடவா சொல்லல?"

"எல்லாரும் சொன்னாங்க. கையப் புடிச்சி இழுத்தாங்க. நாந்தான் சண்ட போட்டுகினு வந்தேன். என் தங்கச்சி செஞ்சது, அது தப்பாக் காட்டுமான்னு."