ஆறு வருட மேற்படி

ஊரில் அவனுக்கு டிகிரி என்று பெயர். பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதால் கிண்டலாக ஒட்டிக்கொண்டது, பிறகு மரியாதையாகவே நிலைத்துவிட்டது. அவனுக்கும் அதில் வருத்தமில்லை. யாராவது டிகிரி என்று கூப்பிட்டால் நடையே கொஞ்சம் மாறும். அக்கா பத்தாவதோடு நின்றது தன்னைப் படிக்கவைக்கத்தான் என்பது அவனுக்குத் தெரியும். அந்தப் பெருமையில் பாதி அவளுடையது என்று சொல்லிக்கொள்வான். சொல்லிக்கொள்வதோடு சரி.

வேலை கிடைத்தது நிலப் பயன்பாட்டுக் கணக்குப் பிரிவில். நாட்டில் எவ்வளவு நிலத்தில் உழுகிறார்கள், எவ்வளவு வீடாகிவிட்டது, எவ்வளவு முள் மண்டிக் கிடக்கிறது என்று வருடாவருடம் எழுதுகிற இடம். அவன் பங்குக்கு நாலு ஊர், அதில் ஒன்று சொந்த ஊர். விதைப்பு முடிந்ததும் ஒவ்வொரு வயலையும் நேரில் பார்த்து, என்ன பயிர், பயிர் இல்லையென்றால் எத்தனை வருடமாகத் தரிசு என்று பதிவேட்டில் நிரப்ப வேண்டும். அந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். ஐந்து வருடம் வரை விளைநிலம்தான், சும்மா ஓய்வில் கிடக்கிறது என்று பொருள். ஐந்தைத் தாண்டினால் விளைநிலக் கணக்கிலிருந்தே அடிபட்டுப் போகும்.

முதல் வருடம் பதின்மூன்று நாள் நடந்தான். செருப்பு அறுந்தது, கழுத்து கறுத்தது. சொந்த ஊரில் வாய்க்காலின் கடைமடைப் பக்கம் அறுபத்தொரு வயல்கள் தண்ணீர் எட்டாமல் காய்ந்து கிடந்தன. மதகு உடைந்து, வாய்க்கால் தூர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதில் அக்காவின் ஒன்றரை ஏக்கரும் இருந்தது. "தரிசு, 2" என்று மணிமணியான கையெழுத்தில் எழுதினான்.

மறு வருடம் வெயில் இன்னும் கடுமை. ஆபீஸ் சூப்பிரண்டு மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து சொன்னார்: "ஏம்பா, வயலுக்கு என்ன காலா முளைச்சிருக்கு, ஓடிப்போறதுக்கு? போன வருசப் பதிவேட்டை எடு. மேற்படி, மேற்படின்னு போட்டுட்டுப் போ."

போட்டான். பயிர்க் கட்டத்தில் மேற்படி, பரப்புக் கட்டத்தில் மேற்படி, தரிசு வருடக் கட்டத்திலும் மேற்படி. பதின்மூன்று நாள் வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. அதற்கடுத்த வருடமும் மேற்படி. இப்படி ஆறு வருடம். அந்த ஆறு வருடமும் அறுபத்தொரு வயல்கள் இரண்டே வருடமாகத் தரிசாகக் கிடந்தன.

இதற்கு நடுவில் துறையிலிருந்து வழவழப்பான தாளில் ஒரு புத்தகம் வந்தது. நாட்டின் விளைநிலம் எப்படி ஏறி இறங்கியது என்று பக்கத்துக்குப் பக்கம் கோடு. அவன் வட்டாரத்துக் கோடு மட்டும் அளவுகோல் வைத்து இழுத்தது போல நேராகப் போனது. அதைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் மாமாவிடம் காட்டினான். அக்கா புருசன். நிலம் காய்ந்த பிறகு செங்கல் சூளையில் லாரிக்குக் கல் ஏற்றிக்கொண்டிருப்பவர்.

"கோடு நேரா இருக்கே, மாப்ள. இது நல்லதா, கெட்டதா?"

"நல்லது மாமா. நிலம் குறையலைன்னு அர்த்தம்."

"அப்ப நம்ம நிலம் இதுல இல்லபோல" என்று மாமா சிரித்தார். டிகிரியும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

போன மாதம் ஒரு காலை, அதே மாமா டவுனில் அவன் வாடகை வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் கடிதம். கடைமடைக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, வாய்க்காலைத் தூர்வாரி மதகைக் கட்டித் தரச்சொல்லி மனு கொடுத்திருந்தார்கள், அதற்கு வந்த பதில். வீடு வீடாக அலைந்து கையெழுத்து வாங்கியவர் மாமாதான்.

"அரசாங்கத் தமிழ் நமக்குப் புரியல மாப்ள. நீயே படிச்சுச் சொல்லு."

அவன் சத்தமாகப் படித்தான். "மனுதாரர் குறிப்பிடும் பகுதியில் விளைநிலப் பரப்பு கடந்த ஆறு ஆண்டுகளாகக் குறையவில்லை என்பது கள ஆய்வுப் புள்ளிவிவரங்களால் தெரியவருவதால்..." தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படித்தான். மனு நிராகரிக்கப்படுகிறது. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

"கள ஆய்வா?" மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எந்தக் களத்துல எந்த நாய் ஆய்வு செஞ்சது? முள்ளு வெட்ட அரிவாள் பத்தாது, ரம்பம் வேணும் இப்ப. மாப்ள, நீ அதே ஆபீஸ்லதானே இருக்கே? எழுதினவன் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு. அவனை நான் ஒண்ணும் செய்யமாட்டேன். கூட்டிட்டுப் போய் அந்த முள்ளுக்குள்ள ஒரு சுத்து நடக்கவிடுவேன், அவ்ளோதான்."

"பாக்குறேன் மாமா" என்றான் டிகிரி. சொந்த ஊர்க் கணக்கும் தன் பங்குதான் என்று அவரிடம் அவன் சொன்னதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் பதிவேட்டின் நகலோடு கடைமடைக்குப் போனான். அக்காவின் வயல் எது என்றே சட்டென்று பிடிபடவில்லை. வரப்பு கரைந்திருந்தது. நடுவில் நின்ற முள்மரம் அவன் தொடைப் பருமன். இரண்டு வருடத்து மரமா இது? ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் அவனைப் பார்த்துவிட்டாள்.

"என்ன டிகிரி, வழி தப்பி வந்துட்டியா? இந்தப் பக்கம் உன்னைப் பாத்து வருசக்கணக்காச்சு."

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். அவன் பதிவேட்டு நகலை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

திங்கள்கிழமை சூப்பிரண்டிடம் சொன்னான். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "இந்த வருசப் பதிவை மட்டும் திருத்து. நிஜமாப் போய்ப் பாத்தேன், இன்னும் தரிசுதான்னு எழுது. பழசை எதுக்குக் கிளறுறே?"

"அப்படி எழுதினா ரெண்டு மூணாகும், அவ்வளவுதான் சார். மூணுன்னா அது இன்னும் விளைநிலம். மனு மறுபடியும் தள்ளுபடி ஆகும். எட்டுன்னு எழுதணும்."

"எட்டுன்னு எழுதினா, நடுவுல ஆறு வருசம் நீ என்ன புடுங்கினேன்னு கேப்பாங்களே?"

அதற்கு அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது, போகவே இல்லை என்பது. திருத்தம் செல்லுபடியாக வேண்டுமென்றால் எழுதியவரின் ஒப்புதல் வாக்குமூலம் இணைக்க வேண்டும். வேலையே போகலாம் என்றார் சூப்பிரண்டு. மூன்று முறை எழுதிக் கிழித்தான். முதல் தாளில் "உடல்நலக் குறைவினால்" என்று இருந்தது. இரண்டாவதில் "மேலதிகாரியின் அறிவுரைப்படி" என்று இருந்தது. மூன்றாவதில் "தவிர்க்க இயலாத காரணங்களால்". தவிர்த்திருக்கலாம். வெறும் வெயில். நாலாவது தாளில் நாலே வரிதான் வந்தது.

மேல்முறையீட்டோடு அதை இணைத்துக் கொடுக்க வேண்டியவர் மாமா. மறு ஞாயிறு மாலை உடைந்த மதகுச் சுவரில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் வந்திருந்தாள்.

"ஆளு கிடைச்சானா மாப்ள?"

"கிடைச்சான் மாமா."

"யாரு?"

டிகிரி தாளை விரித்தான். மேடைப் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. "நான் கடந்த ஆறு ஆண்டுகளாக மேற்கண்ட அறுபத்தொரு வயல்களை நேரில் சென்று பார்க்கவில்லை. முந்தைய ஆண்டின் பதிவையே மேற்படி என்று எழுதினேன். அவை எட்டு ஆண்டுகளாகத் தரிசாக உள்ளன. இதற்கு நானே பொறுப்பு."

யாரோ ஒருவர், "நான்னா யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றான்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா என்று நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. மாமா கத்துவார், அடித்தாலும் அடிப்பார் என்று நினைத்துத்தான் வந்திருந்தான். அடித்திருந்தால் தேவலாம். அவர் எழுந்து வந்து, தாளை வாங்கி, தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்பது போல ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"கீழ கையெழுத்து இல்லையே" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "போட்டுக் குடுங்க, சார்."